தோசைக்கு மூச்சு வாங்குது

— தொடாதீங்க பாய், தொடாதீங்க. உள்ள இருக்குறது நாய்.

— நாய்னு தெரியுதுடா வசந்தா. ஆட்டுக்குட்டின்னு நெனச்சா இப்படி ஓடி வந்தேன்? அந்த வேன் கதவை அப்படி இழுத்தா வராது. லேசாத் தூக்கிட்டு இழு.

— வந்திருச்சு. ஐயோ, கூண்டுக் கம்பி சுடுது பாய். டேய் தோசை. தோசை, அப்பா வந்துட்டேன்டா. இங்க பாரு. கண்ணைத் தொறந்து என்னைப் பாரு.

— என்னப்பா இப்படி மூச்சு வாங்குது? கடைக்குள்ள இருந்தப்ப யாரோ துணி கிழிக்கிறாங்கன்னு நெனச்சேன்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். துணிக்கடையில துணி கிழிக்கிற சத்தம் கேட்டா எவன் எந்திரிச்சு வருவான்? கூண்டு மேல கன்வாஸ வேற சுத்தி வரப் போத்திட்டேன் பாய். ஒரு ஓட்டை இல்லாம. இந்தக் கையாலதான் இழுத்து விட்டேன்.

— இந்த மஸ்ஜித் தானா ஊரு வெயில்ல, உச்சி நேரத்துல, வேனுக்குள்ள நாயை வெச்சு கன்வாஸ் போட்டு மூடுவியா? உனக்கு மூளை கீளை இருக்கா?

— சுராவுக்குத் தொழப் போறவங்க இந்தச் சந்து வழியாத்தான பாய் போவாங்க. மஜீது பாய் கடைப் பின்வாசல்ல நாய் நிக்குதுன்னு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுன்னு மறைச்சேன். உங்களுக்கு மரியாதையா இருக்கும்னு.

— மரியாதை. சரி, அதைப் பொறவு பேசிக்கலாம். வெளிய தூக்கு. ரோட்டுல எறக்காத, தாரு சுடும். ஸ்டோர் வாசப்படி ஓரம் நெழல் இருக்கு பாரு, அந்த சிமெண்டுத் தரையில போடு.

— நிக்க மாட்டேங்குது பாய். நாலு காலும் நாலு பக்கம் போவுது.

— நிக்க வேணாம், படுக்கட்டும். ஜொஹரா. ஏ ஜொஹரா. தண்ணி பைப்பைப் பின்வாசலுக்கு இழுத்துட்டு வா. சீக்கிரம்.

— எதுக்கு இந்தக் கூப்பாடு? முன்னாடி ரெண்டு பொம்பளைங்க பாஜு துணி அளந்துக்கிட்டு நிக்கிறாங்க, நீங்க பாட்டுக்கு... யா அல்லா. என்னா ஆச்சு இதுக்கு?

— ஜொஹராக்கா, மன்னிச்சுக்கங்க. இது என்னோட...

— உன்னோடதுதான்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ரெண்டு பேரும் ஒரே மாதிரி முழிக்கிறீங்க. நகரு. பைப்பைப் புடி. இரு, இரு, உடனே அது மேல அடிக்காத. வெயில்ல கெடந்த பைப்பு, முதல்ல வர்ற தண்ணியில டீ போடலாம். கொஞ்சம் ஓட விடு. ம், இப்பக் கை வெச்சுப் பாரு.

— இப்பப் பரவால்லக்கா.

— ஊத்து. நான் ஒரு துண்டை நனைச்சுக் கொண்டாறேன். அதைப் போத்தி விடலாம்.

— நான் பக்கத்து செண்டோல் கடையில ஐஸ் வாங்கியாறேன் ஜொஹரா. ஒரு வாளி நெறைய ஐஸ் போட்டா சூடு பட்டுனு எறங்கிரும்.

— வாங்கிட்டு வாங்க பாய். நெறைய வாங்குங்க. டேய் தோசை, பாய் ஐஸ் வாங்கப் போயிருக்காருடா. செண்டோல் வேணுமாடா? சிரிக்க மாட்டேங்குதுக்கா.

— அது எங்க சிரிக்கும்? இந்தா துண்டு. டாக்டர் நம்பர் வெச்சிருக்கியா?

— அலோர் காஜா கிளினிக்குக்கா. என் போன்ல 'தோசை டாக்டர்'னு போட்டிருக்கும்.

— நாய்க்கு யாருப்பா தோசைன்னு பேரு வெச்சது?

— நான்தான். மூஞ்சி தட்டையா இருக்குல்ல. என் பொண்டாட்டி வெச்ச பேரு வேற, வாயில நுழையாத பேரு. அக்கா, பவானேஸ்வரி கூப்பிட்டா மட்டும் எடுத்துராதீங்க.

— ஏன், உன் பொண்டாட்டிக்கு என்னா?

— சாப்பாட்டு நேரத்துல பேக்டரியில இருந்து வீடியோ கால் போடுவா. என்னைப் பாக்க இல்ல. 'கேமராவத் திருப்பு'ன்னுதான் முதல் வார்த்தையே வரும். எனக்குப் பொண்டாட்டி ஆவறதுக்கு முன்னாடியே அவ இவனுக்கு அம்மாக்கா. நான் நடுவுல வந்த சித்தப்பன்.

— வாயைக் கொறச்சுத் தண்ணியக் கூட்டு. நம்பரைப் பாத்துட்டேன், என் போன்லயே அடிக்கிறேன். ஹலோ? ஆ, நல்லவேளை, தமிழ்ப் பொண்ணுதான் எடுத்திருக்கு. ஆமாம்மா, மஸ்ஜித் தானாவுல இருந்து. தட்டை மூஞ்சி நாயி. பக்கு ஜாதி. வேனுக்குள்ள கெடந்து வெந்து போச்சும்மா. ஆமா, மூச்சு இருக்கு. சத்தமா இருக்கு. எச்சி கொழகொழன்னு ஊத்துது. சொல்லு, நீ சொல்லு, நான் இங்க சொல்றேன்.

— இந்தா ஐஸ். ஒரு மூட்டை. செண்டோல் கடைக்காரன் எதுக்கு பாய்னு கேட்டான், வீட்டுல விருந்துன்னு சொல்லிட்டேன்.

— ஐஸ் வேணாமாம். அங்கிட்டு வைங்க. ஐஸ் தண்ணி பட்டா தோல்ல ரத்தம் ஓடாம சுருங்கிக்குமாம், உள்ள இருக்குற சூடு உள்ளேயே நின்னுருமாம். சாதாத் தண்ணிதான். வயித்துல, தொடை இடுக்குல, பாதத்துல. வசந்தா, அந்த ஈரத் துண்டை எடு அது மேல இருந்து.

— நீங்கதானக்கா போத்தச் சொன்னீங்க?

— இப்ப எடுக்கச் சொல்றேன். போத்தினா ஆவி அடைச்சுக்குமாம். தண்ணி ஊத்தணும், காத்து அடிக்கணும், அவ்வளவுதானாம். வாய்க்குள்ள தண்ணிய ஊத்தாதீங்கன்றா, மூச்சுக் குழாய்க்குள்ள போயிருமாம். தானா நக்கினா நக்கட்டும்.

— ஏர்கோன் மெசின் காயில் மேல ஈரத் துணியக் காயப் போட்ட மாதிரி. ஆமாக்கா. காத்து போனாத்தான சூடு வெளியேறும். இதைத்தான வீடு வீடாப் போய்ச் சொல்லிக் காசு வாங்குறேன் நான். ஊர் பூரா ஏர்கோன் மாட்டுறவனுக்கு ஒரு நாயை ஆற வெக்கத் தெரியல.

— காத்தாடி ஸ்டோர்ல இருக்கு. நகருங்க, இங்க வெச்சா நேரா அது மேல அடிக்கும். வயரு எட்டும், எனக்குத் தெரியும்.

— அடிக்குது பாய். நல்லா அடிக்குது.

— வசந்தா, நாக்கு என்னா நெறம்னு கேக்குறா.

— கத்திரிக்கா.

— ஒழுங்காச் சொல்லு.

— சத்தியமா கத்திரிக்கா நெறம்தாங்கா. காலையில ரோஸா இருந்துச்சு.

— ஹலோ, கேட்டுச்சாம்மா? சரி. சரி. வந்துருறோம். என்னங்க, உடனே கொண்டு வரச் சொல்றா. ஈரத்தோடவே தூக்கிட்டு வரணுமாம், தொடைக்கக் கூடாதாம். ஏர்கோன் முழுசாப் போட்ட வண்டியில வரணும்னு ரெண்டு தடவ சொல்லிட்டா.

— என் வேன்ல ஏர்கோன் ஓடாது.

— என்னா?

— ஏர்கோன்காரன் வேன்ல ஏர்கோன் ஓடாது பாய். பின்கதவு லாக்கும் ஓடாது. கோலா சுங்கை பாருவுல இருக்குற என் வீட்டுலயும் ஏர்கோன் ஓடாது. நாளைக்குச் செய்றேன் நாளைக்குச் செய்றேன்னு பவானேஸ்வரிகிட்ட சொல்லிச் சொல்லி, அவ கேக்குறதையே விட்டுட்டா. தகரக் கூரை வீட்டுல தனியா விட்டா காலையிலேயே அவிஞ்சிருவான்னுதான் கூடவே கூட்டிக்கிட்டு அலையுறேன்.

— அலைஞ்சு? போற எடத்துல எல்லாம் வேன்லயே அடைச்சு வெப்பியா?

— இல்ல பாய். கஸ்டமர் வீட்டுல உள்ள கொண்டு போயிருவேன். சுங்கை ஊடாங்ல எண்ணெ ரிபைனரிக்காரர் வீட்டுல இவனுக்குன்னு தனியாப் பாயே விரிப்பாங்க. எனக்கு ஒரு கோப்பை தண்ணி கெடையாது. உங்க கடைக்கு வரும்போது மட்டும்தான் வேன்ல விடுறது. உங்க ஸ்டோர்ல வெச்சிருக்குற என் ஏர்கோன் சாமானை எடுக்குற நேரம், ஒரு டீ குடிக்கிற நேரம். தெனமும் இப்படித்தான் விடுறேன் பாய். ஒரு நாளும் ஒன்னும் ஆனதில்ல.

— என்னங்க, நம்ம காடிச் சாவிய எடுங்க. அதுல ஏர்கோன் ஓடும்.

— அக்கா, வேணாம். பாய், வேணாம். நாளைக்கு உங்க மக ரஹீலாவைப் பொண்ணு பாக்க வர்றாங்கல்ல, மாப்பிள்ளையோட அத்தாவையும் உம்மாவையும் அந்தக் காடியிலதான ஏத்திட்டு வரணும்? நேத்துதான் கழுவி மெழுகு போட்டீங்க. இவன் ஈரமா இருக்கான், எச்சி ஊத்துது. நான் கிராப் டாக்சி கூப்பிட்டுக்கிறேன்.

— கூப்பிடு. வாயில நுரை தள்ளுற நாயை ஏத்திக்கன்னு இந்த ஊர்ல எவன்கிட்ட சொல்லுவ? வர்றவனும் ஜன்னலை எறக்கிப் பாத்துட்டு அப்படியே போயிருவான். தப்பும் சொல்ல முடியாது.

— அதுக்காக உங்க காடியில...

— காடிக்கு என்னா, நாய் பட்ட எடத்தை மார்க்கம் சொன்னபடி மண்ணு கலந்து ஏழு தடவ கழுவுனா தீந்துச்சு. மண்ணும் இருக்கு, தண்ணியும் இருக்கு. இது போயிருச்சுன்னா எதைப் போட்டுக் கழுவித் திரும்ப எடுப்ப? என்னங்க, மரம் மாதிரி நிக்கிறீங்க?

— மரம் மாதிரி நிக்கல ஜொஹரா. சாவியத் தடவிக்கிட்டு இருக்கேன், கைலி மடிப்புல எங்கேயோ போயிருச்சு. இந்தா, இருக்கு. தூக்குடா வசந்தா.

— கடை?

— ரஹீலா பாத்துக்குவா. தூக்குன்றேன்ல.

*

— ஏர்கோன் முழுசா வெச்சாச்சு. எனக்கே பல்லு ஆடுது. பின்னாடி எப்படி இருக்கு?

— தலை தொங்குது பாய். மடியில வெச்சிருக்கேன், கல்லு மாதிரி கனக்குறான்.

— பாட்டில் தண்ணிய வயித்துல ஊத்திக்கிட்டே இரு. ஏன் சொட்டுச் சொட்டா விடுற?

— சீட்டு நனையுதுக்கா.

— சீட்டை நான் பாத்துக்கிறேன், நீ நாயைப் பாரு. அந்தப் பொண்ணு லைன்லதான் இருக்கா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். காத்து அது மூஞ்சிக்கு வர்ற மாதிரி அந்த ஓட்டையத் திருப்பி விடு.

— திருப்பிட்டேன். ஏன்க்கா இப்படி வாங்குது மூச்சு? மத்த நாயெல்லாம் வெயில்ல ரோட்டுல படுத்துத் தூங்குது.

— மத்த நாய்க்கு மூக்கு இருக்கு. அதைத்தான் அந்தப் பொண்ணு சொன்னா. இதுக்கு மூக்கு இருக்க வேண்டிய எடத்துல ஒரு பொத்தான்தான் இருக்கு.

— அதான் கணக்கு பாய். நீட்டு மூக்குல போற காத்து ஆறிக்கிட்டே போவும், நாக்குல ஈரம் காயும், சூடு எறங்கும். இவன் எவ்வளவு வேகமா மூச்சு வாங்குறானோ அவ்வளவு சூடு கூடத்தான் செய்யும். கம்ப்ரசர் மட்டும் மாட்டி, சூட்டை வெளிய தள்ளுற கண்டென்சர் மாட்டாம அனுப்பிட்டாரு கடவுள்.

— கடவுளைக் குத்தம் சொல்லாத. மூஞ்சி இப்படி இருந்தா அழகுன்னு மனுசன் பண்ணி வெச்ச வேலை அது. எவ்வளவு நேரம்டா உள்ள கெடந்துச்சு?

— எப்பவும் விடுறதை விடக் கூடத்தான். என் வாய்தான் பாய் காரணம். எப்பவும் நான் கதைய ஆரம்பிச்சா நீங்க சரக்குப் பாக்கணும்னு எந்திரிச்சுப் போயிருவீங்க. நானும் யாருகிட்ட பேசுறதுன்னு டீயக் குடிச்சிட்டுக் கெளம்பிருவேன். இன்னிக்கு நீங்க உக்காந்து கேட்டீங்களா, எனக்குத் தலைகால் புரியல. ரிபைனரிக்காரர் வீட்டுல ஏணி சறுக்கி அவரு மாமியார் மடியில விழுந்த கதைய இழு இழுன்னு இழுத்துட்டேன். விழுந்தது கண்ணு மூடித் தொறக்குற நேரம். சொன்னது ஒரு படம் ஓடுற நேரம்.

— பேசாத. தண்ணிய ஊத்து.

— ஊத்துறேன் பாய்.

— முன்னாடி செம்பனை லோரி ஒன்னு போவுது. ஊர்ந்துக்கிட்டுப் போறான், சனியன் புடிச்சவன்.

— முந்துங்க.

— ரெட்டைக் கோடு ஜொஹரா, முந்தக் கூடாது.

— வசந்தா, உனக்கு ஒன்னு தெரியுமா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த மனுசன் ஒரு லோரிய முந்தினது இல்ல. ரஹீலா பொறக்குற அன்னிக்கும் மணல் லோரிக்குப் பின்னாடியேதான் ஆஸ்பத்திரி போய்ச் சேந்தோம்.

— சேந்தோம்ல? அதைச் சொல்லு.

— வாசல்ல பொறந்தா அவ.

— அந்தா, கோடு விட்டுருச்சு. புடிச்சுக்கங்க.

— பாய், எதுர்ல மோட்டார் சைக்கிள்.

— பாத்துட்டேன். பாத்துட்டேன். முந்தியாச்சு. அல்ஹம்துலில்லாஹ்.

— போன் அடிக்குதே. உன்னுதா வசந்தா?

— என்னுதுதான். பவானேஸ்வரி.

— எடு.

— எடுத்து என்னக்கா சொல்ல? கேமராவத் திருப்பும்பா. திருப்பினா எதைக் காட்டுவேன்? கல்யாணத்தப்ப அவ என்கிட்ட நகை கேக்கல, பங்களா கேக்கல. இவனை வேன்ல விட்டுட்டுப் போவாதன்னு ஒன்னே ஒன்னுதான் கேட்டா. நான் இளிச்சுக்கிட்டே சரின்னேன்.

— இப்ப எடுக்க வேணாம். டாக்டர் கையில குடுத்துட்டுக் கூப்பிடு. ஆனா கூப்பிட்டா பொய் சொல்லாத. கேட்டியா?

— கேட்டேன் பாய். பாய். பாய், நிறுத்துங்க.

— என்னா?

— சத்தம் நின்னுருச்சு. இழுக்குது, காத்து உள்ள போவல. தொண்டையில கோழை அடைச்சிருக்கு. வண்டிய நிறுத்துங்க பாய்.

— நிறுத்திட்டேன். ஓரம் கட்டியாச்சு. ஜொஹரா, அந்தப் பொண்ணுகிட்ட கேளு.

— சொல்றா, சொல்றா. தலையை நீட்டமா வெச்சு வாயைத் தொறக்கணுமாம். நாக்கை முன்னாடி இழுத்துக்கிட்டு, விரல்ல துணியச் சுத்தி உள்ள இருக்குற கோழைய வழிச்சு எடுக்கணும். இந்தா என் கைக்குட்டை.

— தாடை வழுக்குது பாய். ஒரு கையால தொறந்தா மறு கையால முடியல.

— தள்ளிக்க. நான் பின்னாடி வர்றேன்.

— நீங்க தொடாதீங்க பாய். அக்கா, சொல்லுங்கக்கா அவருகிட்ட.

— நான் எதுக்குச் சொல்லணும்? அவருக்குத் தெரியும்.

— தாடையைப் புடிச்சாச்சு. மேல் தாடையையும் புடிச்சாச்சு. கடிக்கிற நெலமையில இல்ல பாவம். விரல விடு.

— பாய், உங்க கை...

— காடியக் கழுவுற மண்ணுலயே கையையும் கழுவிக்கிறேன். இப்ப விரல விடுறியா இல்லையா? உள்ள. இன்னும் உள்ள.

— கயிறு மாதிரி வருது.

— இழு. அறுத்துராத, அப்படியே சுத்தி இழு. ம். இன்னொன்னு. வழிச்சு எடு.

— வந்திருச்சு.

— மூச்சு?

— இருங்கக்கா.

— வசந்தா, மூச்சு வருதா?

— இல்ல. இல்லக்கா. தோசை, டேய். டேய், ஒரு தடவடா. ஒரே ஒரு தடவ.

— நெஞ்சைத் தேய்ச்சு விடு. நல்லாத் தேய். நான் தலையைப் புடிச்சிருக்கேன். பிஸ்மில்லா, தேய்டா.

— வருது.

— வருதா?

— வருதுக்கா. கொறட்டை. எங்க வீட்டு ராத்திரிக் கொறட்டை. இந்தச் சத்தம் தாங்காமத்தான் இவனைக் கூடத்துல படுக்க வையின்னு அவகிட்ட சண்டை போட்டேன். இப்ப என்ன இனிமையா இருக்கு பாருங்க.

— அழுவாத. தண்ணிய அது மேல ஊத்தணும், நீ கண்ணுல இருந்து ஊத்திக்கிட்டு இருக்க. என்னங்க, நீங்க அங்கேயே அதைப் புடிச்சுக்கிட்டு உக்காருங்க. கை ஒருவாட்டி பட்டுருச்சு, இனிமே எடுத்து என்ன ஆவப் போவுது. நான் ஓட்டுறேன்.

— நீயா?

— நான் லோரியெல்லாம் முந்துவேன்.

*

— கதவைச் சாத்திட்டாங்க பாய். அக்காவை மட்டும் விட்டாங்க, என்னை உள்ள விட மாட்டேங்குறாங்க.

— விட்டா நீ அங்கயும் போய்க் கதை சொல்லுவ. உக்காரு.

— உக்கார முடியல.

— அப்ப நில்லு. ஆனா என் முன்னாடி இப்படிக் குறுக்கும் நெடுக்கும் போவாத, எனக்குத் தலை சுத்துது. பவானேஸ்வரிப் புள்ளையக் கூப்பிட்டியா?

— கூப்பிட்டேன். பொய் சொல்லல பாய். வேன், கன்வாஸ், எல்லாம் சொன்னேன்.

— என்னா சொல்லுச்சு?

— திட்டல. அதுதான் பயமா இருக்கு. திட்டுனா பதிலுக்கு ஏதாவது ஜோக் அடிச்சுச் சமாளிச்சிருவேன். 'எந்த கிளினிக்'னு மட்டும் கேட்டா. சூபர்வைசர்கிட்ட சொல்லிட்டுக் கெளம்பிட்டா போல. வந்துக்கிட்டு இருக்கா.

— வரட்டும். பக்கத்துல நாங்க இருக்கோம்.

— அவ வந்து உங்களைத் தப்பா நெனச்சுருவாளோன்னும் பயமா இருக்கு பாய். பாயாலதான் மறைச்சு வெச்சேன்னு சொன்ன மாதிரி ஆயிருமோன்னு. நீங்க என்னைக்காச்சும் நாயைக் கொண்டு வராதன்னு சொல்லியிருக்கீங்களா? ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானே பெரிய மனுசத்தனமா யோசிச்சு, நானே மறைச்சு, நானே கொல்லப் பாத்திருக்கேன்.

— ஜொஹரா வர்றா. கதவைத் தொறந்துட்டு வர்றா பாரு.

— அக்கா. என்னக்கா?

— மூஞ்சிய அப்படி வெச்சுக்காத, எனக்குச் சொல்லவே வரல. சூடு எறங்கியிருக்காம். ஊசி போட்டு மருந்துத் தண்ணி ஏத்துறாங்க. மூக்குகிட்ட ஆக்சிஜன் வெச்சிருக்கு. கதவு இடுக்குல பாத்தேன், தலையத் தூக்கி அந்த நர்ஸ் பொண்ணை மொறைச்சுது.

— மொறைச்சுதா?

— உன்னை மாதிரியே.

— அப்ப பொழைச்சுக்குவானா?

— கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கணுமாம். ராத்திரி இங்கேயே வெச்சிருப்பாங்க, நாளைக்குத்தான் உறுதியாச் சொல்ல முடியும்னு டாக்டர் சொல்றாரு. ஆனா நாக்கு ரோஸாயிருச்சு. அதை நானே என் கண்ணால பாத்தேன்.

— அக்கா, நான் உங்க கால்ல...

— விழாத. நீ விழுந்த கதைய நாங்க இன்னொரு நாள் கேக்கணும். அந்த டாக்டர் ஒன்னு சொன்னாரு. வழியில தொண்டையச் சுத்தம் பண்ணாம வந்திருந்தா இங்க வந்து பிரயோஜனம் இருந்திருக்காதுன்னாரு. யாரு பண்ணினதுன்னு கேட்டாரு. அந்தா வெளிய உக்காந்திருக்காரே கைலி கட்டின ஆளு, அவருன்னு சொன்னேன். நம்ப முடியாம ஒருவாட்டி எட்டிப் பாத்தாரு.

— சும்மா இரு ஜொஹரா.

— சும்மாதான் இருக்கேன்.

— பாய், அக்கா, நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். வீட்டு ஏர்கோனை இன்னிக்கே செஞ்சுருவேன். செய்யலன்னா அவ என்னை வேன்ல போட்டு மூடிருவா. அது போவ, இனிமே உங்க கடைச் சந்துக்குள்ள வேனைக் கொண்டு வர மாட்டேன். இவன் கூட வர்ற அன்னிக்கு பாசாருக்குப் பின்னாடி அந்தப் பெரிய மரத்தடியில நிறுத்திட்டு நடந்தே வந்து சாமானை எடுத்துக்கிறேன். கன்வாஸும் போட மாட்டேன். உங்க வாசல்ல கொண்டு வந்ததாலதான இவ்வளவும். காடி போச்சு, கை போச்சு, ஒரு நாள் யாவாரம் போச்சு.

— அங்கல்லாம் நிறுத்தாத.

— நல்ல நெழல் பாய்.

— நிறுத்தாதன்னா நிறுத்தாத.

— இல்ல பாய், உங்களுக்கு இன்னொரு தடவ தொந்தரவு...

— என்னங்க. சொல்லிருங்க.

— என்னத்தச் சொல்ல?

— இந்தப் பையன் நம்ம வாசலுக்கே வர மாட்டேன்னு சொல்றான். இன்னும் என்ன மூடி வெக்கிறீங்க? நான் சொன்னா வேற மாதிரி வந்துரும். நீங்களே சொல்லுங்க.

— என்னக்கா? பாய், என்னா விசயம்? சீட்டுல ஏதாவது கறை ஆயிருச்சா?

— சீட்டு இல்லடா. இங்க வா, பக்கத்துல உக்காரு. நீ தெனமும் முன்கடையில உக்காந்து கதைய ஆரம்பிச்சதும் நான் எந்திரிச்சுப் போவேன்ல, சரக்குப் பாக்க இல்ல. பின்னாடி வந்து உன் வேன் கதவைத் தொறந்து, தொடப்பக் கட்டையால அந்தக் கன்வாஸ ஒதுக்கி, காத்தாடியப் போட்டு விடுவேன், நீ கெளம்புறதுக்குள்ள எல்லாத்தையும் பழையபடி மூடிருவேன். எனக்காக இவ்வளவு பாடுபட்டு மறைக்கிற, நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா உனக்குக் கூச்சமாப் போயிரும்னு. இன்னிக்கு ஒரு நாள்தான்டா, நீ மாமியார் மடியில விழுந்ததைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டே உக்காந்துட்டேன்.